அம்மாவின் காலும் உன் வச்சிரக் கவசமும்

அன்பு மகனுக்கு,

அன்பு என்று எழுதியது கைப்பழக்கத்தால். இந்த நேரத்தில் என்னிடம் இருக்கிற அன்பு முழுக்கக் கோபமாகிக் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆவியைப் பிடித்தால் எங்கள் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் அத்தனையும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் பூமியைச் சுற்றி வந்து, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் நிரப்பிவிட்டு நிற்கும். காரணம் கேட்கிறாயா? நேற்றுக் காலை பஸ் நிலையச் சுவரில் நான் என்னையே சந்தித்தேன். ஓய்வு பெற்ற அன்று எடுத்த படம். வெள்ளைக் கோட்டு, பக்கத்தில் நுணுக்குக்காட்டி, முகத்தில் உலகத்தை அப்போதுதான் படைத்து முடித்தவன் போல ஒரு சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில்: “ஆய்வுகூட நிபுணரின் குடும்பத்திலிருந்து வச்சிரக் கவசம். நோய் எதிர்ப்புச் சக்தியை இரட்டிப்பாக்கும் இயற்கைப் பானம். வெள்ளிக்கிழமை இந்த ஊரில் திறப்பு விழா.” எங்கள் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று என் இடது தோளைக் கிழித்து மென்றுகொண்டிருந்தது. துரத்துவோமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, தின்னட்டும், உன் கடைக்கு வரப்போகிற சனத்தைவிட அந்த மானுக்கு அறிவு அதிகம் என்று விட்டுவிட்டேன். என்னைக் கேளாமல் நீ என் படத்தை ஊருக்கு முன்னால் ஒட்டினாய். உன்னைக் கேளாமல் நானும் ஊருக்கு முன்னால் உன்னை ஏசுகிறேன். அதனால்தான் இதை மூடி ஒட்டாத கடிதமாக எழுதுகிறேன். யாரும் வாசிக்கலாம். உன்னிடம் போத்தல் வாங்கியவர்கள் இரண்டு தரம் வாசிக்கட்டும்.

முதலில் உனக்குத் தெரியாத செய்தி. உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வலது காலின் சின்னவிரலை எடுத்துவிட்டார்கள். மிச்சக் கால் நிற்குமா என்று சத்திரசிகிச்சை டொக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. நான் வாட்டுக்கு வெளியே ஒரு ஆடுகிற கதிரையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன கிழமை நீ தொலைபேசியில் கேட்டபோது “ஓம் குஞ்சு, புண் ஆறிட்டுது, நீ கடை அலுவலைப் பார்” என்று அவள் சொன்னாளே, அது பச்சைப் பொய். நான் ஆயுள் முழுக்கச் சொன்ன பொய்களை ஒரு தட்டிலும் அதை மறுதட்டிலும் வைத்தால் அவளுடைய தட்டு நிலத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போகும்.

நடந்தது இதுதான். சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிற இடத்துக்கு மீன் வாங்கப் போனாள். உன் அம்மாவின் வழக்கம் உனக்குத் தெரியும். புதுச் செருப்பு உப்புத் தண்ணீரில் நனையும் என்று கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் மணலில் நடப்பாள். செருப்பு பத்திரமாக வீட்டுக்கு வந்தது. காலுக்குள் ஒரு மட்டி ஓட்டுத் துண்டும் பத்திரமாக வந்தது. அவளுக்கு நோகவில்லை. நோகாதது வீரத்தால் அல்ல, சீனி வருத்தம் என்கிற நீரிழிவால். பாதத்தின் நரம்புகளை அது எப்போதோ மழுக்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் வீக்கத்தைக் கண்டாள். கண்டவள் யாரிடம் சொன்னாள்? ஆய்வுகூடத்தில் ஒரு வாழ்நாளைக் கழித்து, கோடி கோடி இரத்த வெண்குழியங்களை நேருக்கு நேர் பார்த்து, “எப்படி அண்ணை சுகம்?” என்று கேட்ட மனிதன் பக்கத்து அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடமா? இல்லை. குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கொழும்பிலிருக்கிற உனக்கு அழைத்தாள்.

நீ சொன்னதை அவளே வாட்டில் வைத்து எனக்கு நடித்துக் காட்டினாள். “அம்மா, வீங்கினா நல்லமெல்லோ! கவசம் வேலை செய்யுதெண்டு அர்த்தம். ரெண்டு மூடி கூடப் போட்டுக் குடியுங்கோ. அந்த இங்கிலீசுக் குளிசையளைக் கொஞ்சம் குறையுங்கோ, அது எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும். அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ, மனுசன் ஊரைக் கூட்டும்.” ஓமடா, ஊரைக் கூட்டுவேன். இதோ கூட்டிவிட்டேன்.

உன்மேல் எனக்கு வருகிற கோபம் நீ முழுப் பொய் சொன்னதற்காக அல்ல. முழுப் பொய்யை உன் அம்மா ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவாள், என்னோடு குடும்பம் நடத்தியவள். நீ சொன்னது அரை உண்மை. வீக்கம் உடம்பின் வேலைதான். அதை உனக்குச் சொல்லித் தந்தவனே நான்தான். உவர்மலை இறக்கத்தில் பிறேக் இல்லாத சைக்கிளில் பறந்து வந்து மதிலில் மோதினாயே, நினைவிருக்கிறதா? அடுத்த நாள் உன் முழங்கால் பலாப்பழம்போல வீங்கி, சிவந்து, சுட்டுக்கொண்டிருந்தது. “உள்ளுக்கை என்னப்பா நடக்குது?” என்று கேட்டாய். நான் குசினி மேசையைத் துறைமுகமாக்கி, வெங்காயங்களைப் படையாக்கி, உன் அம்மாவின் அகப்பையால் போர் நடத்திக் காட்டினேன். நோவையும் மறந்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தக் கதையில் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பாடத்தை விட்டுவிட்டாய் போலிருக்கிறது. ஆகவே அகப்பை இல்லாமல் இன்னொரு தரம் சொல்கிறேன். எருமைக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன், நீ எருமைக்குப் பக்கத்தில் இருந்தாவது கேள்.

தோல்தான் கோட்டை மதில். அது கிழிந்த கணமே கிருமி உள்ளே வருகிறது. உள்ளே, தசைக்கும் தோலுக்கும் நடுவில், விழுங்குகிற பெரிய உயிர்க்கலங்கள் சில நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. எதையும் தின்னும். செத்த கலம், தூசி, கிருமி, எல்லாம் ஒரே வாய்க்குள். உன் பெரியப்பாவின் பந்தி ஞாபகம் வரும். ஆனால் கண்டதையெல்லாம் பகைவன் என்று கூச்சல் போடுவதில்லை. எங்களூர்ச் சோதனைச் சாவடிகளில் பெயர் என்ன, ஊர் எது, அட்டை எங்கே என்று பதில் சொல்லிச் சொல்லியே நரைத்தவன் நான். இந்தக் காவல்காரர் பெயரும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. தடவிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பற்றீரியாக் கிருமியின் உடற்சுவரில் சில சரக்குகள் உண்டு, மனித உடம்பில் எங்கே தேடினாலும் கிடைக்காதவை. பற்றீரியா அவற்றை எளிதில் கழற்றி எறியவும் ஏலாது, அவை இல்லாவிட்டால் அதுவே உடைந்து போகும். அந்தச் சரக்கு கையில் தட்டுப்பட்டால் போதும். இதுவரை காணாத கிருமியானாலும் சரி, இவன் வெளியாள் என்று தெரிந்துவிடும். யாரும் படிப்பித்த பாடம் இல்லை, நீ பிறக்கும்போதே உன்னோடு வந்த அறிவு. உனக்கு அது இருக்கிறது. உன் மூளைக்குத்தான் இல்லை.

தட்டுப்பட்டதும் அந்தக் கலங்கள் அபாயச் சங்கு ஊதுகின்றன, இரசாயனச் சங்கு. அதைக் கேட்டுப் பக்கத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதுதான் சிவப்பு, அதுதான் சூடு. குழாய்ச் சுவர்கள் இளகித் தண்ணீர் கசிகிறது. அதுதான் வீக்கம். நரம்பு நுனிகள் உறுத்தப்படுகின்றன. அதுதான் நோவு. செய்தி மூளைவரை போனால் அது உடம்பின் சூட்டையே கூட்டி வைக்கிறது. அதற்குத்தான் காய்ச்சல் என்று பெயர். இவ்வளவும் எதற்கு? படை வந்து இறங்குவதற்கு. இரத்தத்தில் சும்மா உருண்டுகொண்டிருந்த வெண்குழியங்கள் குழாயின் சுவரில் ஒட்டி, கல்லுக்கிடையில் நெளிகிற நண்டுபோல நெளிந்து வெளியே வந்து, கிருமியின் மணத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. விழுங்குகின்றன. கிணற்றுக்குப் போடுகிற குளோரின் மாதிரி ஒரு சரக்கைத் தங்கள் வயிற்றுக்குள்ளேயே காய்ச்சி அதில் கிருமியை அவிக்கின்றன. விழுங்கி முடியாவிட்டால் சில, தங்கள் கருவுக்குள் இருக்கிற நூலையே வெளியே உதறி வலையாக எறிந்து, கிருமிகளை வளைத்துப் பிடித்துவிட்டுச் சாகின்றன. வலை எறிகின்றன என்றால் உண்மையாகவே எறிகின்றன. இந்தக் கடிதத்தில் நான் கொஞ்சமும் ஊதிப் பெருப்பிக்காத இடம் இதுதான். நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சீழ் என்று நாங்கள் மூக்கைப் பொத்துகிறோமே, அது பெரும்பாலும் இப்படிச் செத்தவர்கள்.

இதைத்தான் நீ “இரட்டிப்பாக்க”ப் போகிறாய். ஆக்கு, ராசா! அப்படியே ஆக்கினால் உன் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் கொதிக்கிற காய்ச்சலில் கிடந்து, மூட்டு மூட்டாய் வீங்கி, சீழ் வடித்து, கடை வாசலில் வரிசை கட்டி நின்று உன்னை வாழ்த்துவார்கள். எதிர்ப்புச் சக்தி என்பது குழாய்த் தண்ணீர் அல்ல, கூடத் திறந்தால் கூட நல்லது என்பதற்கு. உன் சின்னம்மாவின் விரல்களைப் பார்த்திருக்கிறாய், கோணிப்போய்த் தேத்தண்ணிப் பேணியைப் பிடிக்க ஏலாமல் இருப்பாள். படை கூடிப்போய்த் தன் வீட்டையே கொளுத்துகிற வருத்தம் அது. சங்கு ஊதவும் வேண்டும், நேரத்துக்கு நிறுத்தவும் வேண்டும். ஊதியும் வீக்கம் மேலே மேலே ஏறுகிறது என்றால் அது வேலை நடக்கிற அடையாளம் அல்ல, வேலை தோற்கிற அடையாளம். “வீங்கினால் நல்லம்” என்று நீ அரைவாசியில் நிறுத்தினாயே, இந்த மற்ற அரைவாசியில்தான் உன் அம்மாவின் விரல் போனது.

இனி நீ அம்மாவுக்கு அனுப்பிவைத்த போத்தலுக்கு வருவோம். நேற்று உடைத்து மூன்று மிடறு குடித்துப் பார்த்தேன். முருங்கையிலை, மஞ்சள், இஞ்சி. சரி, இரசத்துக்கு நல்லது. பிறகு கித்துள் பாணி என்கிற பாகும் தேனும். கொஞ்சமல்ல, எறும்புகள் என் மீசையில் கொலனி அமைத்துப் பள்ளிக்கூடம் கட்டுகிற அளவுக்கு. இதைத்தானே சீனி வருத்தக்காரி தண்ணீருக்குப் பதிலாகக் குடித்தாள், குளிசையையும் பாதியாக்கிக்கொண்டு? இரத்தத்தில் சீனி ஏறினால் அந்த வெண்குழியங்களுக்கு என்ன நடக்கும் தெரியுமா? மந்தமாகிவிடும். மணம் பிடித்து ஓடவேண்டியது தள்ளாடும். விழுங்கினாலும் அவிக்க வலு இராது. ஒடுங்கிப்போன குழாய்களால் காலடிக்கு வந்து சேரவே நேரமாகும். கிருமிக்கோ பாணியில் விருந்து. கவசம் என்று பெயர் வைத்து, உள்ளே நிற்கிற காவல்காரனின் காலை உடைத்திருக்கிறாய். இயற்கையானது ஒரு கெடுதலும் செய்யாது என்று போத்தலில் எழுதியிருக்கிறாய். மட்டி ஓடும் இயற்கைதான், மகனே.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், மூக்கால். உன் அம்மா வீட்டில் உடுத்துகிற நீளச் சோட்டியால் காலை மூடிக்கொண்டு குசினிக்குள்ளேயே சுற்றித் திரிந்தாள். சோறு போட வந்தபோது ஒரு மணம் வந்தது. அந்த மணத்தை நான் ஆய்வுகூடத்தில் மூடி திறந்த கிண்ணங்களில் பழகியவன்.

“என்னப்பா மணக்குது?”

“கருவாடு.”

“வீட்டிலை கருவாடு இல்லை.”

“பக்கத்து வீட்டுக் கருவாடு. சாப்பிடுங்கோ.”

“சோட்டியைத் தூக்கு.”

“இந்த வயசிலை என்ன கதை கதைக்கிறியள்! அறளை பேந்திட்டுதோ?”

தூக்கிப் பார்த்தேன். அதன் பிறகு ஆஸ்பத்திரி வரை ஓட்டோக்காரப் பெடியனை நான் ஓட்டவைத்த வேகத்தில் அன்புவழிபுரத்து நாய்கள் எல்லாம் காற்றில் பறந்திருக்கும். உள்ளே எடுத்தவுடன் சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டார்கள். ஊசி மருந்து ஏற ஏற, கோட்டையும் மீறிச் சிவப்பு கணுக்காலுக்கு ஏறியது. காய்ச்சலில் உன் அம்மா உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அரற்றினாள். என் பெயரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. அதைத் தனியாக இன்னொரு நாள் பேசுவோம்.

ஆய்வுகூடத்தில் இப்போது இருக்கிற பிள்ளை எனக்குக் கீழே பழகினவள். “சேர், பாக்கவேண்டாம்” என்றாள். பார்த்தேன். முதிர்ந்த வெண்குழியத்தின் கரு இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்திருக்கும். உன் அம்மாவின் இரத்தத்தில் அப்படியானவை குறைவு. கரு இன்னும் பிரியாமல், மாட்டு லாடம்போல வளைந்து கிடந்த இளசுகள்தான் கண்ணாடி முழுக்க. பெரியவர்கள் செத்து முடிய, வெண்குழியங்களை உண்டாக்குகிற என்பு மச்சை பாதி வளர்ந்த பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறது. இந்த மண்ணில் இருந்துகொண்டு அந்த வசனத்தை எழுத எனக்குக் கை கூசுகிறது. எத்தனையோ பேரின் இரத்தத்தில் அதைப் பார்த்து, தாளில் எழுதி, தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறேன். அன்றைக்கு நுணுக்குக்காட்டியின் கண்ணை விட்டு என் கண்ணை எடுக்க ஏலவில்லை.

ஊதிப் பெருப்பிக்கிற வாய் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. எனக்குத் தெரியும். நான் பிடித்த சூரை மீனுக்கு இறங்குதுறையில் இடம் போதாமல் போனது, என் குறட்டையைக் கேட்டுக் கடற்படை பீரங்கியைத் திருப்பியது, எல்லாம் நீ மடியில் இருந்து கேட்டவை. ஆனால் யோசித்துப் பார். என் பொய்யைக் கேட்ட எவனும் தன் குளிசையைக் குறைக்கவில்லை. கேட்கிறவன் நம்பமாட்டான் என்று தெரிந்துதான் நான் அவ்வளவு பெரிதாகச் சொல்வேன். நீ அளவாகச் சொல்கிறாய், நம்பும்படியாகச் சொல்கிறாய், வெள்ளைக் கோட்டுக்குக் கீழே அச்சடித்துச் சொல்கிறாய். அதுதான் வித்தியாசம்.

இவ்வளவும் எழுதி நிறுத்தினேன், மருந்து கட்டுகிறார்கள் என்று உள்ளே கூப்பிட்டார்கள். இப்போது வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

நேற்றுவரை கத்திரியால் கரும்புண்ணை வெட்டி எடுக்கும்போதெல்லாம் உன் அம்மா சும்மா கிடந்து முகட்டு விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு யாருடையதோ கால் மாதிரி. இன்றைக்குத் தாதிப் பிள்ளை உப்புத் தண்ணீர்ப் பஞ்சைப் புண்ணின் கரையில் வைத்து அழுத்தினாள். அழுத்தியதும் உன் அம்மா ஒரு சத்தம் போட்டாள் பார், கோணேசர் கோயில் மணி தானாக அடித்திருக்கும்.

“ஐயோ! நோகுதடி பிள்ளை!”

“உண்மையா நோகுதோ அம்மா?”

“நோகாமல்? உன்ர காலெண்டால் தெரியும்! எடு கையை!”

தாதி கையை எடுக்கவில்லை. சிரித்தாள். “நோகட்டும் அம்மா, நோகட்டும்” என்று சொல்லிக்கொண்டு டொக்டரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். கரையில் இளஞ்சிவப்பாகப் புதுத் தசை, தொட்ட இடத்தில் நல்ல இரத்தம். கணுக்காலில் சிவப்பு கோட்டுக்குள்ளே இறங்கியிருந்தது. செத்ததையெல்லாம் வெட்டி முடித்து உயிருள்ள இடத்துக்கு வந்துவிட்டோம் என்றார். கால் நிற்கும், இன்னும் பல நாள் கட்டவேண்டும், ஆனால் நிற்கும் என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதூர் மனிசி என் கையைப் பிடித்து, அண்ணன் முறை வைத்து, “அல்லாஹ் காப்பாத்தினான், நானா” என்றார். அவர் கையை நானும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கட்டி முடிந்ததும் உன் அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ. அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வெள்ளிக்கிழமை கடை திறக்கிறான். பிள்ளை மனம் உடைஞ்சுபோடும்.”

“சொல்லமாட்டன்.”

“சத்தியம்?”

“சத்தியம்.”

எழுதமாட்டேன் என்று அவள் சத்தியம் கேட்கவில்லை.

என் கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கும். ஆனால் அதை இறக்கிவைக்கிற வேலை உன்னுடையது. சுவரில் இருக்கிற என்னைக் கிழித்தெடு, மான்கள் மிச்சம் வைத்திருந்தால். சீனி வருத்தக்காரருக்குப் போத்தல் விற்றிருந்தால் ஒவ்வொருவரையும் நீயே தேடிப்போய், குளிசையைக் குறைக்கவேண்டாம், காலில் புண் இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லு. பிறகு வெள்ளிக்கிழமை, நீ நாடா வெட்டப்போகிற அதே காலை நேரம், வாட்டுக்கு வா. அந்த நேரத்தில்தான் மருந்து கட்டுவார்கள். பழந்தட்டு வேண்டாம், பூமாலை வேண்டாம். தாதியிடம் கேட்டுக் கையுறையைப் போட்டுக்கொள். பஞ்சை நீ பிடி. அவள் கத்துவாள், பஞ்சைப் பிடிப்பது நீயென்று தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கத்துவாள், பெற்றவளல்லவா. அந்தச் சத்தத்தை முழுதாகக் கேள். கேட்டுவிட்டு வெளியே போய், அதற்குப் பிறகும் ஒரு போத்தல் விற்க உன் கைக்கு ஏலுமென்றால், வில்.

அப்பா